ஆறாவது பந்து

இனி இந்த வீட்டில் சண்டை சட்டப்படிதான் நடக்கும் என்று முடிவு செய்தார் ஆறுமுகப்பெருமாள். பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு. பெரிய முடிவுகளை அவர் வாயில் உமிக்கரி இருக்கும்போதுதான் எடுப்பார். அப்போதுதான் பெண்டாட்டி உலகம்மைக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கலாம்.

விஷயம் இதுதான். வியாழன் முதல் சனி வரை திருவனந்தபுரத்தில் கிரிக்கெட் பந்தயம். அதே மூன்று நாள் வயலில் கும்பப்பூ நெல் அறுப்பு. போன அறுப்பின்போதும் அவர் பந்தயம் பார்க்கப் போயிருந்தார். களத்தில் நின்று கவனிக்க ஆளில்லாமல் நாலு கோட்டை நெல் கால் முளைத்து நடந்து போயிற்று. இந்தத் தடவை உலகம்மை விடுவதாக இல்லை.

பேசி அவளை ஜெயிக்க முடியாது. அவள் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். இவர் ஆரம்பித்தால் அடுக்களைக்குப் போய்விடுவாள்.

பத்திர ஆபீஸில் பத்தொன்பது வருஷம் எழுதிய கை. ஒரு முழுத்தாளில் ஷரத்து எழுதினார். பந்து போடுவதைப் பற்றி நாலு வார்த்தை கற்ற நாள் முதல் அவருக்கு உலகமே மைதானம். குழம்பில் உப்பு கூடினால் 'வைட்'. மாமியார் வந்து இறங்கினால் தலைக்கு நேரே வரும் 'பம்பர்'.

"ஏட்டி, கேட்டுக்கோ. ஒரு ஓவருக்கு ஆறு பந்து. நீ ஆறு பேச்சு பேசலாம். அதுக்கு மேல கிடையாது. பிறகு நான் ஆறு."

"ஆறு போதுமா உங்களுக்கு?"

"ஒருத்தர் ஓவர் முடியாம மத்தவரு வாய் திறக்கப்படாது. யாருகிட்டயும். திறந்தா தோத்தாச்சு."

"செரி."

"எங்க அம்மையப் பத்திப் பேசினா வைட். கிட்ட வந்து கைய ஆட்டினா நோ பால்."

"செரி."

"ஓவர் முடியாம யாரும் மைதானத்த விட்டுப் போகப்படாது."

"அடுக்களைக்குப் போவாம சோறு எப்பிடிப் பொங்கும்?"

நியாயம். வீடு, கிணறு, வயல், களம் எல்லாம் மைதானம் என்று தாராளமாகச் சேர்த்து எழுதினார்.

"தோத்தா?"

"ஜெயிச்சவங்க சொன்னபடி நடக்கணும். ஆயுசுக்கும்."

அதையும் எழுதினார். பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டர் தாணுமாலயன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அம்பயரும் அவரேதான். கிரிக்கெட் சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற மனிதர்.

புதன்கிழமை சாயங்காலம் ஆட்டம். முதல் ஓவரை அவளுக்கே கொடுத்தார் ஆறுமுகப்பெருமாள். ஆறையும் தாங்கிக்கொண்டால் போதும். 'நான் போறேன்' என்று ஒரே பந்தில் முடித்துவிட்டு மறுநாள் காலை பஸ்ஸைப் பிடிக்கலாம்.

"போன தடவ நாலு கோட்டை நெல்லு போச்சு."

"ஒண்ணு," என்றார் தாணுமாலயன்.

"கேக்கப்போன என்னப் பாத்து அறுக்க வந்தவ சிரிச்சா."

"ரெண்டு."

"பந்து பாக்கப் போறதுக்குப் புதுவேட்டி வேற."

"மூணு. யார்க்கர் வேய், நேரா காலடியில விழுந்திருக்கு."

"அந்த வேட்டியும் எங்க அண்ணன் எடுத்துத் தந்தது."

"நாலு."

"வெயிலில நின்னு பந்தப் பாக்கலாம், நெல்லப் பாக்கப்படாதோ?"

"அஞ்சு."

ஆறுமுகப்பெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒன்றுதான்.

உலகம்மை எழுந்தாள். கிணற்றடிக்குப் போனாள். தண்ணீர் எடுத்து வந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். புளி கரைத்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

அவர் தாணுமாலயனைப் பார்த்துக் கண்ணால் கேட்டார்.

"ரன்னப் வேய். பந்து போடுமுன்ன ஓடி வரணும்லா. வேகமாப் போடுறவங்களுக்கு அது நீளமாத்தான் இருக்கும்."

எவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் கேட்டார்.

"புத்தகத்துல அளவு போடலியே," என்ற தாணுமாலயன், உலகம்மை கொண்டுவந்து வைத்த ரசவடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். சட்டம் தெரிந்தவர்களுக்குப் பசியும் கொஞ்சம் கூடுதல்.

வியாழக்கிழமை காலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. மைதானத்தை விட்டுப் போகக்கூடாத மனிதர் பஸ்ஸில் எப்படி ஏறுவார்? ஏறினால் ஆயுசுக்கும் அடிமை. வீட்டில் இருந்தால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். களத்துக்குப் போய்க் குடையை விரித்து நின்றார்.

ஐயா மண்டைக்காட்டு அம்மனுக்கு மௌன விரதம் இருக்கிறார் என்று அறுப்புக்காரிகள் பேசிக்கொண்டார்கள். "நாலு ஏச்சு ஏசினாலும் தேவல, இந்த முழி முழிக்காரே," என்றாள் அன்னக்கிளி. ஒரு கதிர் அங்கே இங்கே போகவில்லை.

வெள்ளிக்கிழமை உலகம்மை கஞ்சி கொண்டுவந்தாள், வைத்தாள், போனாள். இருபது வருஷமாக அந்த வாய் மூடவேண்டும் என்று வேண்டிக்கொண்டவர், அது திறக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி மூட்டை பத்தாயத்தில் விழுந்தது. திருவனந்தபுரத்திலும் பந்தயம் முடிந்திருக்கும். உலகம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"திங்கக்கிழமை எங்க அண்ணன் வயலில அறுப்பு. அங்கயும் நீங்கதான் நிக்கணும்."

"ஆறு. ஓவர்," என்றார் தாணுமாலயன். "வேய், இனி நீரு போடும். முழுசா ஆறு பந்து இருக்கு. ஒருத்தரும் குறுக்க பேச முடியாது."

மூன்று நாளாகச் சேர்த்துவைத்த அத்தனை பேச்சும் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆறுமுகப்பெருமாள் கனைத்துக்கொண்டார். பத்தாயத்தைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார்.

"எத்தன மணிக்குப் போணும்?" என்றார்.