ஐந்தாம் தேதி காலை ஒன்பது மணி ஒன்பது நிமிடம்

பிட்சனுலோக்
ஜனவரி 27

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா ரம்பாய் அவர்களின் சமூகத்துக்கு, துக்தாவின் அப்பா மானோப் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் மகளும், தங்கள் மகன் கோல்ஃபும், துக்தாவின் வயிற்றுக்குள் தலையைக் கீழே திருப்ப மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் சின்ன ஜீவனும் நலம். நகோன் சவானில் தங்கள் முழங்கால் வலி தேவலையா? தாங்கள் கொடுத்தனுப்பிய கருவாடு வந்த அன்றைக்கே காலி. பாதிக்கு மேல் தின்றது தங்கள் மகன்தான்.

விகாரைப் பெரிய பிக்குவிடம் தாங்கள் குறித்து வாங்கிய நல்ல நேரமும் வந்து சேர்ந்தது. பிப்ரவரி ஐந்து, காலை ஒன்பது மணி ஒன்பது நிமிடம். குழந்தை திரும்பாததால் ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா சொன்னவுடனே, நேரத்தையாவது நாம் தேர்ந்தெடுப்போம் என்று அந்த முழங்காலோடு இரண்டு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்து வாங்கியிருக்கிறீர்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதமே அதைப் பற்றியது அல்ல. காப்பீட்டு நிறுவனத்தைப் பற்றியது.

துக்தா பிரசவத்துக்கும் சேர்த்து பாலிசி எடுத்தது உங்களுக்குத் தெரியும். போன தடவை ஐந்தாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போனபோது பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா இப்போது தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் பார்க்கிறார். வேறு யாரிடமும் போக மாட்டேன் என்கிறாள் என் மகள். பாலிசி கொடுத்தால்தான் அந்த ஆஸ்பத்திரி. கொடுக்காவிட்டால் என் பென்ஷனை வைத்து அதன் வாசலில் டீதான் குடிக்கலாம். பாலிசியிலோ, எடுத்து இருநூற்று எண்பது நாள் கழிந்தால்தான் பிரசவத்துக்குக் கொடுப்போம் என்று ஒரு வரி. எந்த நாளிலிருந்து இருநூற்று எண்பது என்று வரியில் இல்லை. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எண்ணினால் ஐந்தாம் தேதிக்கு முன்பே தாராளமாக முடிந்துவிடுகிறது. பத்திரம் அச்சான நாளிலிருந்து எண்ணினால் ஏழாம் தேதிதான். சரி, ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சம்பந்தியம்மா, நான் முப்பத்தோரு வருஷம் ரயில்வே ஸ்டேஷன் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்தவன். வண்டி எப்போது வரும் என்று லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் நான் பொய் சொன்னதில்லை, பதிலும் சொன்னதில்லை. "வந்துக்கிட்டே இருக்குங்க" என்பேன். இந்தத் தொழிலில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். அந்தக் கர்வம் முதல் போனிலேயே போயிற்று. என்ன குரல், என்ன பணிவு. "மாமா, நல்ல கேள்விங்க மாமா. இந்தக் கேள்விய நாங்க ரொம்ப முக்கியமா எடுத்துக்கிறோம்" என்றது ஒரு பெண். எந்த நாளிலிருந்து அம்மா என்றேன். "பாலிசி அமலுக்கு வந்த நாள்லேர்ந்துங்க." அமலுக்கு வந்தது எந்த நாள்? "நிபந்தனைப்படி அமலுக்கு வந்த நாள்ங்க மாமா." அசந்து போனேன். மறுநாள் வேறொரு பையன், கையெழுத்து நாளும் முக்கியம், அச்சான நாளும் முக்கியம், எல்லாவற்றையும்விட அம்மாவும் குழந்தையும் நலமாக இருப்பதுதான் முக்கியம் என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லி வைத்த பிறகுதான் பதில் வரவில்லை என்று தெரிந்தது. அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர்களை நெருக்கிப் பிடித்து, கொடுப்பீர்களா மாட்டீர்களா என்று எப்படிக் கேட்பது? அந்தப் பிள்ளைகளின் மனசு என்ன பாடுபடும்?

அப்புறம் பாலிசி போட்டுக்கொடுத்த ஏஜெண்ட் மோத் வீட்டுக்கே வந்தார். கையில் இரண்டு பம்பளிமாஸ், ஒரு காலண்டர், பிள்ளைக்குக் கால்சட்டை. கேள்வியைச் சொன்னேன். "மாமா, நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிங்க துக்தா, அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேட்பதற்குள் தோலை உரித்துச் சுளையைக் கையில் வைத்துவிட்டார். சுளை வாயில் இருக்கும்போது கேள்வி கேட்க முடியாது என்பது தெரிந்தவர். ஒரு மணி நேரம் இருந்தார். போகும்போது கோல்ஃபுக்கு ஆயுள் பாலிசி ஒன்று போட்டுவிட்டுப் போனார். தங்கள் மகனைக் குறை சொல்லவில்லை, நானும் கிட்டத்தட்டப் போட்டிருப்பேன்.

இவர்களையெல்லாம் வியந்துகொண்டே நான் சும்மா இருக்க, என் மகள் நேற்று காலை பையில் ஒட்டரிசிச் சோறும் சுட்ட கோழியும் கட்டிக்கொண்டு அவர்களுடைய கிளைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். துணைக்குப் போனேன். இளநீர் வந்தது, முதுகுக்குத் தலையணை வந்தது, ஆணா பெண்ணா என்று ஊரே வந்து கேட்டது. மேனேஜர் வந்து, "டென்ஷன் ஆகாதீங்கம்மா, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்றார். "டென்ஷன் இல்லீங்க. ஒரே ஒரு கேள்வி. பதில் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன், சோறு கொண்டாந்திருக்கேன்" என்று அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். எனக்கு நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. மதியம் ஆயிற்று. கடைசியில் கிப் என்று ஒரு சின்னப் பெண், சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம், தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டது. அந்தப் பக்கம் நிபந்தனை, இலாகா என்று இழுத்தார்கள் போல. "அண்ணே, எனக்கு ஒரு தேதி சொல்லுங்க, போதும். இல்லேன்னா இந்த அக்கா இங்கயே பெத்துருவாங்க" என்றது. தேதி வந்தது. கிப் அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தது: பத்திரம் அச்சான நாளிலிருந்துதான் கணக்கு, ஏழாம் தேதி முதல் பிரசவம் உண்டு, குழந்தை திரும்பாததால் செய்யும் ஆபரேஷனும் உண்டு. துக்தா அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அழுதாள். கிப்பும் அழுதது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு ஆளுக்காவது நான் இப்படிப் பதில் சொல்லியிருக்கலாம் என்று வெட்கமாக இருந்தது.

ஏழு என்று நான் சொல்வதால் ஐந்தைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஐந்து ரொம்ப நல்ல நாள். பெரிய பிக்கு சொன்னால் நானென்ன மறுத்துப் பேசுவதற்கு? ஏழும் எட்டும் எப்படிப்பட்ட நாட்கள் என்று, அந்தப் பக்கம் போகிறபோது, முழங்கால் இடம் கொடுத்தால், சும்மா பேச்சுவாக்கில் விசாரிக்கலாம். விசாரிக்காவிட்டாலும் பாதகமில்லை. எல்லாம் பெரியவர்கள் மனம்போல நடக்கட்டும். டாக்டரம்மா ஐந்து, ஏழு, எட்டு மூன்று நாளும் தனக்குத் தோதுதான் என்கிறார். இங்கே காலையில் நல்ல குளிர், தாங்கள் வரும்போது கம்பளி எடுத்து வரவும்.

புத்தம், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளின் அருள் தங்கள் முழங்காலையும் குடும்பத்தையும் காக்கட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
மானோப்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது துக்தா வாங்கிப் படித்தாள். "அப்பா, இதப் படிச்சா அத்தை என்ன பண்ணுவாங்க? அஞ்சாம் தேதி காலைல குளிச்சுட்டு கம்பளியோட ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிப்பாங்க" என்றாள். திருப்பிப் படித்தேன். நின்றிருப்பீர்கள். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். ஐந்தாம் தேதி முடியாது, அன்றைக்குப் பாலிசி கொடுக்காது. ஏழிலோ எட்டிலோ வேறு நேரம் வாங்கித் தாருங்கள். கிடைக்காவிட்டால் நேரம் பார்க்காமலே பெற்றுக்கொள்கிறோம். கோபத்தை என்மேல் வைத்துக்கொள்ளுங்கள். போன தடவை என் மகள் அழுததை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.