கல் முகங்களும் முந்நூறு மில்லிகிராமும்

"காபி வேண்டாம். கமிட்டி முன்னாடி பேசணும்னு நினைச்சாலே பயமா இருக்கு," என்றார் டாக்டர் வாண்டர்லெய்.

"அப்போ இதுல ஒண்ணு முழுங்குங்களேன்," என்று கேப்ஸ்யூல் டப்பாவைக் காட்டினாள் நர்ஸ் ஜுசாரா. "சபையில பேசப் பயப்படுறவங்களுக்குத்தானே இந்த மருந்து? உங்களைவிடப் பயந்தவரை இந்த ரிபெய்ராவ் பிரேட்டோ ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது!"

"அது சோதனைக்கு வர்றவங்களோடது, ஜுசாரா. நான் தொடக் கூடாது. அதுவுமில்லாம, வேலை செய்ய ஒன்றரை மணி நேரமாகும். இப்பவே ஒன்பது!"

சாவ் பாவ்லோ நகரத்திலிருந்து ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் கமிட்டி வந்திருந்தது. அவர்கள் தலையசைத்தால்தான் ஆராய்ச்சி தொடரும். இல்லாவிட்டால் ஆறு வருட உழைப்பு அம்போ. கேப்ஸ்யூலில் இருக்கும் கன்னாபிடியோல் கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பதுதான், ஆனால் துளிப் போதை கிடையாது. அப்படிப்பட்ட சாது மருந்துக்காக வாதாட, இப்படியொரு பயந்தாங்கொள்ளி.

வெளியே பெஞ்சில் அன்றைய சோதனைக்கு வந்த அடாவுட்டோ உட்கார்ந்திருந்தார். கரும்புச்சாறு விற்பவர். வாடிக்கையாளரிடம் விலை சொல்வதற்குள் வியர்த்துவிடும் மனிதர். ஏழரைக்கே கேப்ஸ்யூலை முழுங்கியிருந்தார்.

வாண்டர்லெய் அவரைத் தாண்டி ஓடி, முதலில் தெரிந்த அறைக்குள் நுழைந்தார். வெள்ளைக் கோட்டில் மூன்று பேர். மூன்றும் கல் முகங்கள்.

ஒரு வேடிக்கையோடு ஆரம்பித்தார். "கஞ்சா ஆராய்ச்சின்னதும் எங்க மாமியாருக்கு ஏக சந்தோஷம். போதையே இல்லைன்னதும் மூஞ்சி தொங்கிப்போச்சு!"

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

குரலை உயர்த்தினார். அது கீச்சிட்டது. வரைபடத்தைக் காட்டினார். அது தலைகீழாக இருந்தது. திருப்பப் போனவர் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். துடைக்க எடுத்தது கமிட்டிக்கான அறிக்கை.

"நூறு மில்லிகிராம் போதல. தொள்ளாயிரமும் பலிக்கல. நடுவுல முந்நூறுதான் பயத்தைக் குறைக்குது," என்று ஈரக் காகிதத்தைப் பிழிந்தபடி சொன்னார். "எப்படிச் சோதிக்கிறோம்னா, மூணு பேரை உட்கார வச்சு, என்ன நடந்தாலும் சிரிக்கக் கூடாதுன்னு பழக்கிடுவோம். மருந்து எடுத்தவர் அவங்க முன்னாடிதான் பேசணும்."

நடுவிலிருந்த பெண்மணிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

இனி இழக்க ஒன்றுமில்லை. காகிதத்தை வீசிவிட்டு மனதிலிருந்து பேசினார்.

"இதே கன்னாபிடியோல் வலிப்புக்கும் கேட்குது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை வலிப்பு வந்த பொண்ணு ஒருத்தி. இந்த மருந்துக்கு அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவைதான். இப்போ சைக்கிள் ஓட்டுறா. செடி மேல இருக்கிற கெட்ட பேருக்காக இதைக் கைவிட்டுடாதீங்க, ஐயா!"

அவர் கண் கலங்கியது. கல் முகங்கள் கல்லாகவே இருந்தன. எல்லாம் முடிந்தது என்று நாற்காலியில் சரிந்தார்.

கதவைத் திறந்துகொண்டு மூச்சிரைக்க வந்தாள் ஜுசாரா.

"டாக்டர், ரூம் மாறி நுழைஞ்சுட்டீங்களே! இவங்க நம்ம சோதனைக்குச் சிரிக்காம உட்கார இன்னிக்குப் புதுசா வந்த நாடகப் பள்ளிக்காரங்க. கமிட்டி பக்கத்து ரூம்ல. அதுதான் சோதனைன்னு நினைச்சு அங்க போன நம்ம அடாவுட்டோ தைரியமா நின்னு பேசி, உங்க ஆராய்ச்சிக்கு இன்னும் ரெண்டு வருஷம் அனுமதி வாங்கிட்டாரு!"