நாற்காலியை விட்டு ஓடினேன்

ஐம்பத்திரண்டாவது வயதில் நான் ஒரு முடிவெடுத்தேன். ஒரே நாளில் இரண்டு கிலோமீட்டர் நீந்துவது. கரையேறித் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பது. இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓடுவது. இதற்கு டிரையத்லான் என்று பெயர். கோயமுத்தூரில் நிறையப் பேர் செய்கிறார்கள். டாக்டர்கள், மில் முதலாளிகளின் பிள்ளைகள், விவாகரத்து ஆனவர்கள். கணபதியில் கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கிற, தொந்தி விழுந்த வரதராஜுலு செய்வான் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை.

உடல்நலத்துக்காக என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மைக் காரணம் காரமடையில் நடந்த ஒரு கல்யாணம். என் மனைவி கோமளாவின் அண்ணன் நரசிம்மலு அங்கே வந்திருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். எங்கேயோ மாரத்தான் ஓடி வயிற்றைக் கரைத்துவிட்டு, உடம்போடு ஒட்டின சட்டையில் பந்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெண் வீட்டுப் பெரியம்மா ஒருத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டாள்.

"இவரு உங்க மாமனாருங்களா?"

கோமளா பக்கத்தில்தான் இருந்தாள். சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு பாயசம் எங்கே வருகிறது என்று பார்த்தாள்.

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. சண்டை மட்டும் தமிழில். வேலைக்கு வருகிற செவ்வந்திக்கும் புரிய வேண்டும் என்பது கோமளாவின் கொள்கை. நான் டிரையத்லான் செய்தியைச் சொன்னதும் அவள் தமிழுக்கு மாறினாள். விவகாரம் பெரிதாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

"வேண்டாமுங்க. உங்களால முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

"மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. அதை உடுங்க. கம்பெனியை யாரு பாக்கறது? நீங்க ஒரு நாள் போகலீன்னா அங்க ஒரு கல்லு சுத்துமுங்களா?"

இரண்டாவது சொன்னது உண்மை என்றே நம்பினேன். அப்பா வைத்துவிட்டுப் போன கம்பெனி. மேஜை மேல் வைக்கிற சின்ன கிரைண்டர் செய்கிறோம். அப்பாவின் தேக்கு நாற்காலியில் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவேன். நடுவில் கையெழுத்துப் போடுவேன், டீ குடிப்பேன், ஃபோர்மேன் மாசாணத்தைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவேன். இந்த மூன்றும் இல்லாமல் ஒரு தொழிற்சாலை எப்படி நடக்கும்?

ஆனால் 'முடியாது' என்ற வார்த்தை உள்ளே போய்த் தைத்துவிட்டது. அவளையே கம்பெனியில் வந்து உட்காரச் சொன்னேன். மறுத்தாள். எனக்கு என்ன தெரியும் என்றாள். சும்மா உட்கார்ந்தால் போதும், மாசாணம் பார்த்துக்கொள்வான் என்றேன். அடுப்பை யார் பார்ப்பது என்றாள். செவ்வந்தி பார்த்துக்கொள்வாள் என்றேன். ஒரு வாரம் கெஞ்சினேன். அம்மணி, கண்ணு என்றெல்லாம் கல்யாணமான புதிதில்கூட நான் கூப்பிட்டதில்லை. கடைசியில் மனமே இல்லாதவள் மாதிரி இறங்கி வந்தாள். ஒரே ஒரு நிபந்தனை. அவள் அங்கே இருக்கும்வரை நான் குறுக்கே வந்து கேள்வி கேட்கக் கூடாது. கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்று பெருந்தன்மையாகச் சம்மதித்தேன்.

எனக்குப் பயிற்சி கொடுத்தவன் ரூபன். முப்பது வயதுகூட ஆகாத பையன். முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவன். பெரிய மனிதர்களை அடிக்க முடியாது என்பதால் நீந்த வைத்தான். குளத்தில் என்னோடு படித்தவர்கள் எல்லாம் இரண்டாம் வகுப்பு. மிதக்கச் சொன்னான். நான் கீழே போய்த் தரையைப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல டைல்ஸ். அடுத்த வாரமும் அதையே பார்த்தேன். ஒரு மாதம் கழித்து மிதந்தேன். 'தாத்தா மிதக்கறாரு' என்று குழந்தைகள் கை தட்டின. மாமனாரில் தொடங்கித் தாத்தா வரை வந்தாயிற்று.

சைக்கிளுக்கு இறுக்கமான கால்சட்டை போட வேண்டும் என்றான் ரூபன். அதில் என்னைப் பார்த்த கோமளா முதலில் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். பிறகு, தெருமுனை வரைக்கும் மேலே வேட்டி கட்டிக்கொண்டு போகும்படி கேட்டுக்கொண்டாள். அப்படியே போனேன். தெருமுனை டீக்கடையில் வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு மதுக்கரைப் பக்கம் மிதிப்பேன். சிமெண்ட் லாரிகள் தூசியை வாரிப் பூசிவிட்டுப் போகும். திரும்பி வரும்போது பெயிண்ட் அடிக்காத பிள்ளையார் மாதிரி இருப்பேன். டீக்கடைக்காரர் வேட்டியைக் கொடுத்துவிட்டுக் கும்பிடுவார்.

காலையில் நீச்சல். வந்து எடை தூக்குவது. மத்தியானம் படுக்கை. சாயங்காலம் ஓட்டம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது என் உடம்பில் உயிர் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். கோமளா எதிரே உட்கார்ந்து, "ஏனுங்க, இன்னிக்குக் கம்பெனியில..." என்று ஆரம்பிப்பாள். கம்பெனி என்ற வார்த்தை வரை கேட்கும். அதற்குப் பிறகு நேராகக் காலை அலாரம்தான்.

பாதி வழியில் முட்டி பிசகியது. நடந்தால் கடகடவென்று சத்தம். எங்கள் கிரைண்டர்கூட அப்படிச் சத்தம் போட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம். எனக்கும் அலுத்துவிட்டது. வாத்து முட்டையின் வெள்ளைக்கரு, உப்பில்லாத சுண்டல், ராகிக்களி. போதும், நாற்காலிக்குத் திரும்பிவிடுவோம் என்று தீர்மானித்தேன். தோற்றேன் என்று சொல்ல முடியுமா? கம்பெனியை நினைத்தால் தூக்கம் வரவில்லை, அதற்காக இந்தத் தியாகம் என்று கோமளாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சந்தோஷம்தான் பட்டாள்.

"நானும் அப்பவே சொன்னேனுங்க, உங்களால முடியாதுன்னு. நல்லதாப் போச்சுங்க. எங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீர்றேன். உங்களுக்கு முட்டி போயிருமுன்னு ஆரம்பத்துலயே சொல்லிச் சிரிச்சுட்டு இருந்தாரு."

போனை எடுத்து நரசிம்மலுவின் நம்பரை அழுத்தப் போனாள். நான் பாய்ந்து பிடுங்கினேன். முட்டி பிசகின ஒருத்தன் அப்படிப் பாய முடியுமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மறுநாள் விடியும் முன்னால் குளத்தில் இருந்தேன்.

போட்டிக்குச் சில வாரம் இருக்கும்போது ஒரு நாள் குளத்தில் தண்ணீர் மாற்றினார்கள். பயிற்சி இல்லை. சும்மா கம்பெனிப் பக்கம் போனேன். என் தேக்கு நாற்காலி வாசலில் கிடந்தது. அதில் ஒரு கூரியர் பையன் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே நடுவில் ஒரு நீள மேஜை. அதைச் சுற்றிக் கோமளாவும் பெண்கள் நாலைந்து பேரும் உளுந்து ஊற வைத்து, புதிதாக ஒரு கிரைண்டரில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். கல் சின்னது. பாத்திரத்துக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரே ஆள் தூக்கிக் கவிழ்க்கலாம். எங்கள் கிரைண்டரை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் அதில் மாவு அரைத்ததும் இல்லை.

மாசாணத்தைத் தனியே கூப்பிட்டு, யாரைக் கேட்டு இதெல்லாம் என்று வழக்கமான சத்தத்தைப் போட்டேன். அவன் வழக்கம்போலத் தலை குனியவில்லை. ரொம்ப மரியாதையாக, "அம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேனுங்க," என்றான்.

ராத்திரி கோமளாவிடம் கேட்டேன். அன்றைக்குப் பயிற்சி இல்லாததால் விழித்திருந்தேன். அவள் கொஞ்சமும் பதறவில்லை.

"உங்ககிட்டச் சொல்லாம எதையாவது செஞ்சேனுங்களா? கல்லை மாத்தறது, நாற்காலியை வெளிய போடறது, ஒண்ணொண்ணையும் சாப்பாட்டுல உக்காரும்போது கேட்டுட்டுத்தான் செஞ்சேன். நீங்களும் 'ம்'முன்னு சொன்னீங்க."

அது 'ம்' இல்லை. குறட்டை. அதை எப்படிச் சொல்வது? தூங்கிக்கொண்டே சம்மதம் கொடுத்த முதலாளி என்று ஊர் சிரிக்கும். சொல்லவில்லை.

அதற்கு மறுநாளிலிருந்து ரூபன் மத்தியானமும் என்னை விடவில்லை. மேட்டில் ஏறி ஓடச் சொன்னான், இறங்கி ஓடச் சொன்னான். கம்பெனிப் பக்கம் தலைகாட்ட நேரமில்லை.

போட்டி வெளியூரில், ஒரு பெரிய ஏரிக்கரையில். கோமளா வரவில்லை. அன்றைக்கு டீலர்கள் வருகிறார்களாம். ரூபன் காரில் அழைத்துப் போனான். ஏரியில் கால் வைத்ததும் யாரோ என் மேல் ஏறி நீந்திப் போனார்கள். இன்னொருத்தர் மூக்கில் உதைத்தார். கரையேறினேன். சைக்கிளில் எதிர்காற்று. தனியாகத்தான் மிதித்தேன். முன்னால் யாரும் தெரியவில்லை, பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் மட்டும் மெதுவாக வந்தது. ஓட்டத்தில் கடைசிச் சுற்றுக்கு நான் வந்தபோது தண்ணீர் கொடுக்கிறவர்கள் மேஜையை மடக்கிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் என்னைப் பார்த்துத் திரும்ப விரித்துத் தண்ணீர் கொடுத்தாள். அப்போது அழுதேன். தாகம்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்துவிட்டேன். நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், கடைசி ஆளாக. முடிவுக் கோட்டு வளைவை இறக்குவதற்கு ஏணியில் நின்றவரே கை தட்டினார். கழுத்தில் மெடல் போட்டார்கள். உடனே கோமளாவை போனில் கூப்பிட்டேன். முடித்துவிட்டேன் என்றேன். பின்னால் நிறையக் குரல்கள் கேட்டன.

"ரொம்ப சந்தோஷமுங்க," என்றாள். "மீட்டிங்குல இருக்கேன். ஏதாவது சாப்பிட்டீங்ளா? அப்புறம் கூப்பிடறேன்."

கூப்பிடவில்லை.

திரும்பி வரும் வழியில் ரூபனைப் பாராட்டினேன். அந்த மத்தியானப் பயிற்சிதான் என்னைக் கரை சேர்த்தது என்றேன். பையனுக்கு வஞ்சகம் தெரியாது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அது மேடம் ஐடியாங்க சார். சாரைப் பகல்ல சும்மா உட்டுறாதீங்கன்னு போன் பண்ணிச் சொன்னாங்க. ரொம்ப அக்கறைங்க அவங்களுக்கு. நீங்க எங்கிட்டச் சேர்றதுக்கு முந்தின வாரமே நேர்ல வந்து பேசிட்டுப் போனாங்க."

முந்தின வாரம் என்றால், அவள் என்னிடம் 'வேண்டாமுங்க' என்று மறுத்துக்கொண்டிருந்த வாரம். நான் அவளைக் கம்பெனிக்கு வரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்த வாரம். நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்சம் காற்று வாங்கினேன்.

இத்தனை மாதம் என்னைக் காணோமே என்று கம்பெனியில் ஒருத்தர்கூட ஒரு போன் போடவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. மாசாணம்கூட. முட்டி வலி ஒரு பக்கம். இது வேறு பக்கம். முட்டிக்குத் தைலம் இருக்கிறது.

திங்கட்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக் கம்பெனிக்குப் புறப்பட்டேன். என் இடத்தை நான் எடுத்துக்கொள்வது என்று முடிவு. மெடலைக் கழுத்தில் போட்டால் வெட்கம். பைக்குள் போட்டால் யாருக்கும் தெரியாது. சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

வாசலில் யுவஸ்ரீ என்று ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் கேட்டாள். சொன்னேன். மேடத்தைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டாள். நான் வாங்கவில்லை. உட்காரச் சொன்னாள். தேக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். இறுக்கமாக இருந்த நாற்காலி இப்போது இடுப்பைச் சுற்றி லொடலொடவென்று இருந்தது. இளைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே விட்டார்கள். கோமளா எதிரில், அவள் புதிதாகச் சேர்த்த வெள்ளகோவில் டீலர் சீனிவாசலு. கூடுதல் ஆர்டர் போட வந்திருந்தார். கோமளா என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். மரியாதைக்குக் குறைவில்லை. எனக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னாள், இளநீர் வாங்கி வரச் சொன்னாள். அடுத்த வருடம் இதைவிட இரண்டு மடங்கு தூரம் ஒரு போட்டி இருப்பதாகவும், என் பெயரைக் கொடுத்துவிட்டதாகவும் தெலுங்கில் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள்.

நான் இந்தக் கம்பெனியின் முதலாளி என்று எந்த மொழியில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சீனிவாசலு என்னையும் என் சட்டைப் பையையும் பார்த்துவிட்டு, சார் யாரு என்று கோமளாவிடம் கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரருங்க," என்றாள். "கம்பெனியை நான் ஓட்டறேனுங்க. அவரு சும்மா ஓடறாருங்க."