கொம்புக்கு வாங்கிய நீலம்

இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டுகிறேன், ஒரு கோழியைக்கூட உரசியதில்லை என்று கல்யாணப் பந்திகளில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். சொல்லும்போது கை தானாக மீசைக்குப் போகும். அந்த மீசை நீலமான கதையை இப்போது நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

வீடு வடகரப்பதிப் பக்கம், கேரளாவில். நானும் மனைவியும் வேலைக்குப் போவது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். அதனால் எங்கள் சுவரில் இரண்டு காலண்டர்கள். தினமும் தாள் கிழிக்கிற தமிழ்க் காலண்டர் ஒன்று, மளிகைக் கடையில் கொடுத்த மலையாளக் காலண்டர் ஒன்று. நான் கிழிப்பதை மட்டும்தான் பார்ப்பேன். (மற்றதில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறித்து வைப்போம். அவ்வளவுதான் அதற்கு மரியாதை.)

அன்று மாட்டுப் பொங்கல். எங்கள் பக்கம் பட்டிப் பொங்கல் என்போம். மாமனார் தோட்டத்து மாட்டுப் பட்டியில் சாயங்காலம் பொங்கல். மனைவி காலையிலேயே போய்விட்டாள். என் பொறுப்பில் ஒரு வாழைத்தார், ஒரு கட்டுக் கரும்பு, காளைகளின் கொம்புக்கு அடிக்க நீலத்தில் ஒரு டப்பா, சிவப்பில் ஒரு டப்பா.

"ஏனுங்க, மூணு மணிக்கே கெளம்பிருங்க. பெயிண்ட்டு காயோணுமல்லங்க" என்று போனில் இரண்டு முறை சொன்னாள்.

நான் கிளம்பியபோது மூன்றே முக்கால். கடையில் டப்பாக்களைத் திறந்து, எந்த நீலம், எந்தச் சிவப்பு என்று வெளிச்சத்தில் பார்க்காமல் வாங்க மனம் வரவில்லை. வசன கவிதை எழுதுகிறவனுக்கு நீலம் என்றால் ஒரு நீலம் இல்லையே! கடைக்காரர் மூடியை லேசாக அழுத்தித் திருப்பிக் கொடுத்தார். அந்த 'லேசாக' என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முன் சீட்டில் வாழைத்தாரை உட்கார வைத்து பெல்ட் மாட்டினேன். எனக்கும் மாட்டிக்கொண்டேன். டப்பாக்களை ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த மேடையில் வைத்தேன்.

தை மாத வெயில் கரும்புச் சாறுபோல வழிந்துகொண்டிருந்தது. பனைமரங்களின் நிழல்கள் சாலையில் குறுக்கே படுத்திருக்க, ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் போனேன். மனதுக்குள் ஒரு வரி வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரி. 'பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும்' என்ற பலகை வந்தது. படித்தேன். இன்று லீவுதானே என்று சிரித்துக்கொண்டேன். அப்பால் பள்ளி பஸ் நின்றிருந்தது. லீவு நாளில் எதற்கு நிற்கிறது, டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்து, வேகத்தைக் குறைக்காமல் வலப்பக்கம் ஒடித்து முந்தினேன்.

பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஒரு சிவப்புப் பலகை நீண்டது. அதற்குக் கீழே ஒரு சிறுமி.

பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றே சொல்லலாம். டயர் அலறியது. கார் நின்றது. அந்தப் பிள்ளையின் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து, உருண்டு வந்து, என் முன்சக்கரத்தில் டொக்கென்று முட்டி நின்றது. அந்தச் சின்னச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. மனதில் இருந்த இரண்டு வரிகளும் அன்று போனவைதான், திரும்பி வரவே இல்லை.

வாழைத்தார் பத்திரமாக இருந்தது. லேசாக மூடிய டப்பாக்கள் கண்ணாடியில் மோதி என் பக்கம் திரும்பியிருந்தன. நீலம் தலையிலும் மீசையிலும், சிவப்பு சட்டை முழுக்க.

"ஐயோ மாமா! ரத்தமுங்கோ!"

பலகையோடு ஓடி வந்தவள் சாந்தாமணி. என் கொழுந்தியா, மனைவியின் தங்கை. பள்ளி பஸ்ஸில் ஆயாவாகச் சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளைகளை இறக்கி, பலகை பிடித்து, சாலையைக் கடக்க வைப்பது அவள் வேலை. கதவைத் திறந்து என் தோளைத் தொட்டாள். விரலை முகர்ந்தாள். முகம் மாறியது.

"பெயிண்ட்டா?"

"ஆமா, கொம்புக்கு..."

"கொம்புக்கா! புள்ள நடுரோட்டுல நிக்கிறா, கண்ணு எங்க இருந்துச்சுங்க மாமா?"

"இன்னைக்கு லீவுதானேம்மா..."

"எந்த ஊர்ல லீவு? ரோடு எந்த ஊர்ல இருக்குதுங்க?"

கல்லூரியில் ஒரு மணி நேரம் விடாமல் பாடம் நடத்துகிற எனக்கு அப்போதுதான் அந்த மலையாளக் காலண்டர் ஞாபகம் வந்தது: லீவு தமிழ்நாட்டில், ரோடு கேரளாவில். காரை விட்டு இறங்கினேன். பஸ் ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள். நடுச்சாலையில் நின்ற சிறுமி (ஒன்றாம் வகுப்பு இருக்கும்) என்னை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, இது யாரூட்டு மாடு?"

சாந்தாமணி நெற்றியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்கூட்டு மாடுதான் கண்ணு."

பஸ் மொத்தமும் சிரித்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். சாந்தாமணி மட்டும் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

நின்ற பஸ்ஸை முந்துகிற வண்டிகளின் நம்பரை அதில் எழுத வேண்டும். தலைமையாசிரியை அதைப் பார்த்து, மோட்டார் வாகன அலுவலகத்துக்கு அனுப்புவார். அவளுக்கு முன்பிருந்த ஆயா, சொந்தக்காரர்கள் வண்டியை எழுதாமல் விட்டுவிட்டு வேலையிழந்தவர். (எங்கள் ஊரில் சொந்தமில்லாத வண்டி என்றால் வெளியூர்க் கோழி லாரி மட்டும்தான்.) எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் குரலைத் தாழ்த்தினேன்.

"சாந்தா, நான் உன் மாமன்."

"அதனாலதானுங்க எழுதியே ஆகோணும்" என்றாள். குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். அவள் முணுமுணுத்த ஒவ்வோர் எண்ணையும் பிள்ளைகள் வாய்ப்பாடுபோலத் திருப்பிச் சொன்னார்கள். என் வண்டி நம்பர் இன்றைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே மனப்பாடம்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. மாமனார் டப்பாக்களைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "பரவால்லீங் மாப்ள" என்றார். "காளைக்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம். இந்த வருசம் நீங்களே நல்லா காஞ்சிருக்கறீங்க."

மனைவி மண்ணெண்ணெய்த் துணியால் என் மீசையைத் தேய்த்துக்கொண்டே, "சாந்தா எழுதுனாளா?" என்று கேட்டாள்.

"எழுதிட்டா."

"அதுதான் என் தங்கச்சி" என்று இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

மறுநாள் காலை நானே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று வீட்டில் சொன்னேன். நோட்டிலிருந்து அந்த ஒரு வரியை அடிக்க வைக்கலாம் என்ற நப்பாசையும் இருந்தது. தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஸாரே, அவ எழுதாம விட்டிருந்தா அவளோட ஜோலி நேத்தே போயிருக்கும். டிரைவர் எங்கிட்ட எல்லாம் பறஞ்சாச்சு. அடிக்கணுமா, சொல்லுங்க."

வேண்டாம் என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சிறந்த ஒரு சொல் வசனம் அதுதான். நோட்டீஸ் வந்தது, தண்டம் கட்டினேன். சாந்தாமணி அந்த வேலையில் நிலைத்தாள்.

அன்று கிளம்பும்போது தலைமையாசிரியை இன்னொன்றும் சொன்னார்: "உங்களுக்கு லீவு, எங்களுக்கு ஸ்கூல். அப்படி வருசத்துல கொஞ்ச நாள் வருமல்லோ? வந்து போர்டு பிடிங்க."

பிடிக்கிறேன். சாவி மாட்டுகிற ஆணியில் மனைவி இப்போது மலையாளக் காலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறாள். அதைத் தள்ளாமல் சாவி கைக்கு வராது. தமிழ்நாட்டில் லீவு விட்டு இங்கே பள்ளி திறந்திருக்கும் நாளெல்லாம், நான்கு மணிக்குச் சிவப்புப் பலகையோடு சாலை நடுவில் நிற்கிறேன். முந்தப் பார்க்கிற வண்டிகளை முறைக்கிறேன், அந்த முறைப்பில் எனக்குக் கர்வம்கூட உண்டு. பட்டிப் பொங்கலன்று மட்டும், காளைகளுக்கு முன்னால் என் நெற்றியில் ஒரு சொட்டு நீலம் வைத்துவிட்டுத்தான் சாந்தாமணி டப்பாவை மாமனாரிடம் கொடுப்பாள்.

அந்தச் சிறுமி இப்போது நான்காம் வகுப்பு. போன ஜூனில் புதிதாகச் சேர்ந்த பொடியன் ஒருவன் என் பெரிய மீசையைப் பார்த்துவிட்டுப் பஸ் படியை விட்டு இறங்க மறுத்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து, என்னைக் கடக்கும்போது ரகசியம்போலச் சொன்னாள்:

"பயப்படாம வாடா, முட்டாது. பழகுன மாடு."