இரும்புச் செவியார் கேட்ட அழுகுரல்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பழைய பஞ்சுக் கிடங்கின் வாசலில் அறுபது கார்கள் வந்து நின்றுவிட்டன. ஒவ்வொன்றும் அதை ஓட்டி வந்தவரைவிட வயதில் மூத்தது. சில கார்கள் ஓடி வந்தவை. பல கார்கள் தள்ளி வரப்பட்டவை. பம்பரில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள். பொறியாளர், பேராசிரியர், தணிக்கையாளர் என்று வரிசையாகச் சொல்லலாம். பழைய கார் பிரியர் சங்கத்தின் உறுப்பினர் அட்டையை எல்லோரும் மறக்காமல் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். மூளையை எங்கே வைத்துவிட்டு வந்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

அவர்கள் காத்திருந்தது இரும்புச் செவியாருக்காக.

இரும்புச் செவியார் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை போட்டவர். கையில் ஒரு சொட்டு கிரீஸ் பட்டதில்லை. காரின் பானெட்டில் இடது காதை வைப்பார், கண்ணை மூடுவார். உடனே அந்தக் கார் தன் கதையை அவரிடம் சொல்லத் தொடங்கிவிடும். யார் வாங்கினார், யார் அழுதார், யார் அதற்குள் உயிரை விட்டார், எல்லாம் சொல்லும். செத்தவர்களின் ஆவி இறங்கிப் போகாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறதாம். காலையில் வண்டி கிளம்பவில்லையா? பிளக்கில் கரி இல்லை, ஆவி. சூடேறுகிறதா? ரேடியேட்டரில் அடைப்பு இல்லை, ஆவிக்குக் கோபம். டயர் பஞ்சரானால்? அதற்கும் ஓர் ஆவி கைவசம் இருந்தது.

வெறும் வாய்ப்பேச்சு என்று யாரும் சொல்லிவிட முடியாது. சான்று காட்டுவார். "பின் சீட்டைக் கிழிச்சுப் பாருங்க" என்பார். கிழித்தால் உள்ளே ஒற்றைத் தோடோ, மக்கிப்போன கடிதமோ, குழந்தையின் பால்பல்லோ கிடக்கும். பேராசிரியர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

பரிகாரம் சுலபம். ஆவி குடியிருக்கும் உறுப்பைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதை ஆழக் கடலில் போட்டுவிடுவாராம். காணிக்கை என்று ஒரு காசு வாங்க மாட்டார், உத்தமர்! ஒரே ஒரு விசித்திரம். ஆவிகள் நசுங்கிய மட்கார்டிலோ ஓட்டை விழுந்த சைலன்சரிலோ ஒருநாளும் குடியேறியதில்லை. கார் பிறந்தபோதே கூடப் பிறந்த ஸ்டீயரிங், பித்தளை ஹாரன், தந்த நிறக் கடிகாரம், இப்படித் தேடினாலும் கிடைக்காத பொருள்களில்தான் குடியிருந்தன. செத்தாலும் ரசனை சாகாது போலிருக்கிறது.

கூட்டத்தின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். லேத்துப் பட்டறை வைத்திருப்பவள். பிரேக் டிரம் தேய்ந்தால் கடைந்து கொடுப்பாள், இருபத்திரண்டு வருஷமாக அதுதான் தொழில். எல்லோருக்கும் அவள் லேத்தக்கா. அன்று அவள் வந்தது தம்பி இழுத்து வந்ததால்.

தம்பி பல் டாக்டர். போன வருஷம் ஒரு நீலநிறக் கிழட்டுக் காரை வாங்கி, பெற்ற மகள்கள் இரண்டு பேரையும்விட அதை அதிகமாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அந்தக் காரில் ஒரு கோளாறு. பிரேக் மிதித்தால் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

இரும்புச் செவியார் பானெட்டில் காதை வைத்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"ஒரு அம்மா அழுறாங்க. முதல் சொந்தக்காரரோட மனைவி. இடப்பக்கம் உக்காந்து போறப்ப கதவு தெறந்து விழுந்து செத்தவங்க. அவங்கதான் வண்டிய தன் பக்கம் இழுக்குறாங்க. காதுல ஒத்தத் தோடுதான் இருக்கு, இன்னொன்னு சீட்டுக்குள்ள."

சீட்டைக் கிழித்தார்கள். தோடு இருந்தது. தம்பி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஸ்டீயரிங்க கழட்டிக் குடுத்துட்டு வேற ஒண்ணு மாட்டிக்குங்க. மூணு மாசத்துக்கு யாரும் ரிப்பேர்னு பிரேக்க தொடக் கூடாது. இரும்பு பட்டா அவங்க கோபம் கூடும்" என்றார் செவியார்.

மறுநாள் பட்டறையில் லேத்தக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், இடப்பக்கம் இழுத்தா வலப்பக்கச் சக்கரத்துல பிரேக் பிடிக்கலன்னு அர்த்தம். உள்ள ஆயில் ஒழுகுது. வண்டிய விட்டுட்டுப் போ, ஒரு மணி நேர வேலை."

"உனக்கு எல்லாமே ஸ்பேனர்தான்கா. கண்ணுக்குத் தெரியாத விஷயமும் உலகத்துல இருக்கு."

"இருக்கு. டிரம்முக்குள்ள இருக்கு. கழட்டினா கண்ணுக்குத் தெரியும்."

"அப்போ அந்தத் தோடு? அதுக்குப் பதில் சொல்லு."

"பல்வலின்னு வர்றவங்ககிட்ட, உங்க கொள்ளுத்தாத்தா கடவாப் பல்லுல உக்காந்திருக்காருன்னு சொல்லுவியா நீ?"

"அது மருத்துவம். இது வேற."

"அடுத்த மாசம் சங்கத்தோட மலைக்குப் போறியே, இந்த வண்டியிலயா?"

"குடும்பத்தோட. நீ வாய வைக்காம இரு."

மலைப்பாதையில் நாற்பது வளைவு. காரில் தம்பி, அவன் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். தோடு எப்படி வந்தது என்ற கேள்விக்கு அவளிடமும் பதில் இல்லை. ஆனால் பதில் தெரியவில்லை என்றால் தேடுவாளே தவிர, அந்த இடத்தில் ஓர் ஆவியை உட்கார வைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

தம்பி தன் பல் மருத்துவமனைக்கு வேலைக்குப் போயிருந்தபோது அவன் வீட்டுக்குப் போய், கிழிந்த சீட்டைக் குனிந்து பார்த்தாள். மேலே புதுத் துணி. அதன் கீழே நாற்பது வருஷத்துப் பழைய உறை, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அந்தப் பழைய உறையின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் தையல் பளபளத்தது. புத்தம்புது நைலான் நூல்.

"இதுக்குப் புதுத் துணி போட்டது யாரும்மா?" என்று தம்பி மனைவியிடம் கேட்டாள்.

"நம்ம சீட்டுத் தையல்காரர்தான் அண்ணி. செவியார்கிட்ட காட்டுறதுக்கு முன்னாடி எல்லாரும் அவர்கிட்டதான் குடுக்கணுமாம். பழைய உறையப் பிரிச்சா ஆவி கலைஞ்சிடுமாம். பிரிக்காம மேலயே போர்த்தத் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தானாம்."

"பிரிக்காமலா?"

"ஆமா அண்ணி. ஒரு வாரம் வண்டி அவர் கடையிலதான் இருந்துச்சு. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. சின்னவளுக்குச் சின்னதாப் போன செருப்பு எதாவது இருந்தா ஒண்ணே ஒண்ணு குடு."

அவள் பழைய இரும்புக் கடைக்காரரிடம் போனாள். பேச்சைக் காசாக நினைத்து எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஆசாமி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என்ன பண்ணணும் தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

அவள் பட்டறையின் பின்னால் ஒரு கார் நின்றது. செத்துப்போன மூன்று கார்களிலிருந்து அவளே சேர்த்துக் கட்டியது. பின்சீட்டு எந்தக் காருடையதும் அல்ல. இடித்துத் தள்ளிய ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து இதே கடைக்காரர் எடைக்கு வாங்கி வந்த நாற்காலிகளை அறுத்துப் பொருத்தியது. அதன் பஞ்சுக்குள் சிவப்புச் செருப்பு ஒன்றை வைத்தாள். கூடவே ஒரு கடிதம்: 'அப்பா, மன்னிச்சிடுங்க. குழந்தையத் தூக்கிக்கிட்டு அவரோட போறேன்.' தேநீரில் நனைத்துக் காயவைத்து, ஓரத்தைத் தீயில் கருக்கினாள். கையெழுத்து அவளுடையதுதான்.

அதன் நகலை ஓர் அஞ்சல் உறையில் போட்டு ஒட்டி, சங்கத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. முப்பது வருஷம் சாட்சி இல்லாமல் ஒரு கோழித் திருடனைக்கூட உள்ளே தள்ளாதவர். காருக்கு மட்டும் ஒரு காதைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இருக்கு இதுல?"

"ஒரு கேள்விங்க ஐயா. ஒட்டின எடத்துல தேதி போட்டு ஒரு கையெழுத்து போடுங்க. எல்லார் முன்னாடியும் நான் கேக்கறப்ப பிரிச்சாப் போதும்."

காரை இரும்புக் கடைக்காரர் தன்னுடையது என்று சொல்லித் தையல்காரரிடம் விட்டார். ஒரு வாரத்தில் புதுத் துணியோடு திரும்பி வந்தது. செவியாரிடம் பெயர் பதிந்தார். மலைப்பயணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது அவர் முறை வந்தது.

அன்று கிடங்கில் கால் வைக்க இடமில்லை. தம்பி குடும்பத்தோடு முன்வரிசையில். செவியார் பானெட்டில் காதை வைத்த மாத்திரத்தில் துள்ளி விலகினார்.

"தீ! ஐயோ, தீ! ஒரு பொண்ணு, அப்பனை எதுத்துக்கிட்டு ஓடி வந்தவ. மடியில குழந்தை. கால்ல ஒத்தச் செருப்பு. செவப்பு!"

கூட்டத்தில் விசும்பல் கேட்டது. தணிக்கையாளர் கைக்குட்டையை எடுத்தார்.

இரும்புக் கடைக்காரர் பவ்யமாகக் கேட்டார். "அந்த அம்மா இந்த சீட்டுலயா செத்தாங்க?"

"இதே சீட்டுலதான். தாயும் பிள்ளையும்."

"நல்லாக் கேட்டுதுங்களா?"

"இப்பக்கூட அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டிருக்கு. கடிகாரத்தக் கழட்டிக் குடுங்க."

சீட்டைக் கிழித்தார்கள். சிவப்புச் செருப்பு வந்தது, கடிதம் வந்தது. கிடங்கே 'ஆ'வென்றது. அந்த ஆரவாரத்துக்கு நடுவில் தம்பியின் மனைவி எழுந்தாள்.

"என்னங்க, அது நம்ம சின்னவளோட செருப்பு! அண்ணிகிட்ட நான்தான் குடுத்தேன். அடியில பேனாவுல நட்சத்திரம் போட்டிருப்பா பாருங்க!"

பார்த்தார்கள். நட்சத்திரம் இருந்தது. தீயில் கருகிச் செத்த குழந்தை முன்வரிசையில் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தது.

லேத்தக்கா முன்னால் வந்து கடிதத்தைத் தம்பியின் கையில் கொடுத்தாள். "இது யார் கையெழுத்து? சத்தமாச் சொல்லு."

தம்பி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உன்னோடது."

"ஐயா, உறையப் பிரிங்க."

நீதிபதி பிரித்தார். தேதியைப் படித்தார். நகலைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் மறுபடியும் பழைய நீதிமன்றக் குரலாக மாறியது. இரும்புக் கடைக்காரர் சீட்டைப் புரட்டிப் போட்டார். அடியில் வரிசையாகப் பித்தளை எண்கள்: பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து.

"சினிமாக் கொட்டகை நாற்காலிங்க இது. இதுல உக்காந்து யாராவது செத்திருந்தா, படம் பாத்துத்தான் செத்திருக்கணும்" என்றார். அந்த வருஷம் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

செவியார் அசரவில்லை. "நம்பிக்கை இல்லாதவங்க நடுவுல ஆவி பொய் சொல்லும்!"

"ஓ, ஆவி பொய்யும் சொல்லுமா?" என்றாள் லேத்தக்கா. "அந்தப் பொய்யக் கேட்டுத்தான் என் தம்பி பிரேக்கத் தொடாம, பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு மலையேறக் கெளம்பினானா? இத எழுதினது நான், வச்சது நான். பிரிச்சுப் பாத்துட்டு மறுபடியும் தைச்சது தையல்காரர். என் தம்பி வண்டியில தோட்ட வச்சுத் தைச்சதும் அவர்தான். உமக்குக் கேட்டது அவரோட குரல்யா, அழுத பிள்ளையோட குரல் இல்ல!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது, பின்கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டிருந்தார் தையல்காரர். நாலு பேர் பிடித்துக்கொண்டு அவர் கடைக்கே போனார்கள். பின்னறையில் கடலே இருந்தது! ஆழக் கடலில் போட்ட ஸ்டீயரிங்குகள், ஹாரன்கள், கடிகாரங்கள் எல்லாம் எண்ணெய் பூசி, விலைச்சீட்டுக் கட்டி அலமாரியில் தொங்கின. தம்பியின் ஸ்டீயரிங்கில் 'விற்றாகிவிட்டது' என்று எழுதியிருந்தது. வாங்கியவர் யார் என்று பில் புத்தகத்தில் பார்த்தால், அதே சங்கத்தின் பொறியாளர். அவருடைய ஸ்டீயரிங்கை முன்பே வாங்கிப் போனவர் பேராசிரியர். ஒருவரின் ஆவியை இன்னொருவர் விலை கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு, ஒரு தொல்லையும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நீதிபதி காவல்நிலையத்துக்குப் போன் செய்தார்.

அன்று மாலை பட்டறையில் நீலக் காரைத் தூக்கி நிறுத்தினார்கள். வலப்பக்கச் சக்கரத்தைத் தம்பியே கழற்றினான். டிரம்மை இழுத்ததும் பிரேக் ஆயில் கறுப்பாக அவன் மணிக்கட்டில் வழிந்தது. டிரம்மை உரசிப் பிடிக்க வேண்டிய லைனிங் முழுக்க ஊறிக் கொழகொழவென்றிருந்தது. அந்தச் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் குழாயை லேத்தக்கா விரலால் வளைத்தாள். அது வாயைப் பிளந்தது.

"சமதரையில இன்னும் ஒரு பத்து நாள் தாங்கியிருக்கும்" என்றாள்.

தம்பி கையைத் துடைக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வெளியே அவன் மகள்கள் டயருக்குள் புகுந்து விளையாடும் சத்தம் கேட்டது. "நான் படிச்சவன்கா" என்றான், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதைப் போல.

"தெரியும்டா. அதனாலதான் உன்ன ஏமாத்த ஒரு தோடு தேவைப்பட்டுச்சு. எந்திரி, அந்தப் பக்கத்தையும் கழட்டு."

கதை இங்கே முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பத்து நாள் கழித்து, டிரம் கடையக் கொடுக்க வந்த தணிக்கையாளர் லேத்தக்காவின் காதோரம் வந்து கிசுகிசுத்தார்.

"அந்த ஆளு பக்காத் திருடன்மா. எனக்கு அப்பவே சந்தேகம். ஆனா புதுசா ஒருத்தர் வந்திருக்காராம், ரொம்ப சுத்தமானவராம். காதெல்லாம் வைக்க மாட்டாராம். டயர முகர்ந்து பாத்தே சொல்லிடுவாராம்!"

லேத்தக்கா லேத்தை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மறுபடியும் ஓடவிட்டாள். இரும்பைக் கடைய அவளுக்குத் தெரியும். இதைக் கடைய எந்த லேத்திலும் உளி இல்லை.

காதை வைத்துப் பிழைப்பவன் போனால் மூக்கை வைத்துப் பிழைப்பவன் வருவான். மூக்குக்கும் காதுக்கும் சற்று மேலே, மண்டைக்குள் உங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கிறீர்கள், ஐயா! உறை போட்டு மூடி அழகு பார்க்கவா அது? எடுத்துக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள்.