விளக்கக் கிராணியும் ஈ ஒட்டிய சூரியனும்

யாருக்கும் புரியாமல் பேசுவதில் எங்கள் விளக்கக் கிராணியை அடித்துக்கொள்ள மலாயாவில் கெடா மாநிலம் முழுக்கத் தேடினாலும் ஆள் கிடையாது. ஜப்பான்காரனே அவரிடம் தோற்றுப் போனான். அதற்கு நானே சாட்சி.

கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அவர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. நான் பலகைகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். மனசுக்குள் மட்டும் மாபெரும் ஓவியன். நான் மாடு வரைந்தால் "நாய் நல்லாருக்கு" என்பார்கள். யுத்தத்தில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்தபின் அவருக்கு எழுதக் கணக்கில்லை, எனக்கு அடிக்கப் பெயிண்டில்லை. நான் எங்கள் கூலி வீட்டு லயத்துச் சுவரில் கரியால் கிறுக்க, அவர் வந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு வரைந்திருந்தேன். அன்றாடம் தின்பது அதுதானே. கூட்டம் கூடியதும் கிராணி தொண்டையைச் செருமினார்.

"இது கிழங்கு இல்ல. இன்மையோட உள்முக வடிவம். அகவெளி புறவெளியில கரையுது, பாத்தீங்களா?"

"கிழங்குதான் ஐயா," என்றேன்.

"வரைஞ்சவனுக்கு என்னா தெரியும்? நீ சும்மா இருலா!"

கூட்டம் அவருக்குக் கை தட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரைந்தவன் நான், பேர் வாங்குவது அவரா?

அப்புறம் ஜப்பான் மன்னர் பிறந்தநாள் வந்தது. ஆபீஸ் வாசலில் உதய சூரியன் படம் வேண்டுமென்று ஜப்பானிய அதிகாரி உத்தரவு போட்டான். சிவப்புக்கு எங்கே போவது? செங்கல்லை இடித்து ரப்பர் பாலில் குழைத்துப் பூசினேன். ஈரத்தில் சூரியன் ஜொலித்தான். என் திறமையை நானே மெச்சிக்கொண்டு தூங்கப் போனேன். பால் காய்ந்தால் கறுக்கும் என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். மாபெரும் ஓவியனுக்குத் தெரியவில்லை. விடிந்ததும் பார்த்தால் சூரியன் கருகிய அப்பளமாக இருந்தான். பிசுபிசுப்பில் ஊர் ஈயெல்லாம் ஒட்டியிருந்தது.

அதிகாரி வாளோடு வந்து நின்றான். பின்னால் சயாம் ரயில் பாதைக்கு ஆள் ஏற்றும் லாரி. அதில் போனவர் யாரும் அதுவரை திரும்பவில்லை. "என்ன இது?" என்று மலாயில் கத்தினான்.

கிராணி முன்னால் வந்து இடுப்பொடியக் குனிந்தார். தமிழும் மலாயும் நாலைந்து ஜப்பானியச் சொல்லும் கலந்து தொடங்கினார். ஒளி தன்னைத் துறக்கும் கணமாம். பூரணத்தின் மறுதலிப்பாம். ஈக்கள்தான் ஆசிய மக்களாம். சூரியனை விட்டு நகர மனமில்லாமல் ஒட்டிக்கொண்டார்களாம். நிறுத்தவே இல்லை.

அதிகாரி தலையை இப்படிச் சாய்த்தான், அப்படிச் சாய்த்தான். சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது புரியவில்லை என்று எப்படிச் சொல்வான்? கடைசியில் "யோஷி", அதாவது சரி, என்று பலமாகத் தலையாட்டிவிட்டு நடந்தான். லாரி என்னை ஏற்றாமல் கிளம்பியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயா, நெசமாவே அந்தப் படத்துல அவ்வளவு இருந்துச்சா?"

"ஒரு மண்ணும் இல்ல, தம்பி. மகா மட்டமான படம்," என்று முகத்தைத் துடைத்தார் கிராணி. "ஆனா நீ சயாமுக்குப் போய்ட்டா, நான் யாரு படத்துக்குலா விளக்கம் சொல்றது?"

யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷமாகியும், இப்போதும் கண்காட்சிகளில் யாராவது என் படத்துக்கு முன்னால் நின்று புரியாத தமிழில் விளக்கினால் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனாலும் கடைசிவரை நின்று கேட்கிறேன், அவர் குரல் எங்காவது கேட்காதா என்று.