வெனிசில் எனக்கு யாரும் இல்லை

ஆம்பூர்,
வியாழக்கிழமை காலை.

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஜெஸிக்கு,

உன் அண்ணன் ஜெபராஜ் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அண்ணி பொன்மலரும் ஆண்டவருடைய கிருபையினாலும் ரத்த அழுத்த மாத்திரையினாலும் சுகமாயிருக்கிறோம். அவ்விடம் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். தினமும் என்று எழுதியது முழு உண்மையல்ல. இந்த ஏப்ரல் மாதத்திலிருந்து உண்மை. பதினோரு வருஷம் கழித்து வரும் கடிதம் என்பதால் கையெழுத்து அடையாளம் தெரியாமல் போகலாம். மேலே பெயரைப் பார்த்துவிட்டுக் கிழிப்பதாயிருந்தால் கிழித்துவிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். உன் விலாசத்தை நீ வருஷா வருஷம் நம் ஆயருக்கு அனுப்பும் கிறிஸ்துமஸ் கார்டின் உறையிலிருந்து எடுத்தேன். அவர் எனக்குக் காப்பி கொண்டுவர உள்ளே போயிருந்தார். அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டாயிற்று, அவரிடம் அல்ல, மேலே இருக்கிறவரிடம்.

நிற்க. நீ இருக்கும் வெனிஸ் நகரத்துக்கு வர நான் முயற்சி செய்தேன். வர முடியவில்லை. அந்த விவரத்தை உனக்குத் தெரியப்படுத்தவே இக்கடிதம்.

ஷூ கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் குவாலிட்டி பார்த்துவிட்டு நான் ரிட்டையர் ஆனது உனக்குத் தெரிந்திருக்காது. எங்கள் கம்பெனியில் ஷபீ அஹமது என்று ஒரு பையன், இப்போது வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்க்கும் பெரிய மெர்ச்சண்டைசர். மார்ச் மாதம் தோல் கண்காட்சிக்கு இத்தாலி போனவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெனிசைப் பார்த்துவிட்டு ஃபோனில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தான். தண்ணீர், படகு, ஒரு பாலம். பாலத்தின் சரிவில் ஒரு பெண்மணி, நீளக் கோட்டு, தலை முழுக்க நரை, சக்கர நாற்காலியில் ஒரு கிழவியை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். மூன்றே செகண்டு. இடது பக்கம் லேசாகச் சாய்ந்த அந்த நடை நம் அம்மாவின் நடை. ஷபீயிடம் கேட்டேன். "அங்கிள், நான் பின்னாடி இருக்கற சர்ச்சை எடுத்தேன், அந்தம்மா குறுக்க வந்துட்டாங்க" என்றான். அது நீயா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ போகும்போது உனக்கு ஒரு நரை கிடையாது. அன்று அதை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். ஸ்டேட்டஸ் மறுநாள் போய்விட்டது. அதற்குள் நான் போவதென்று முடிவு பண்ணியிருந்தேன்.

கையில் இருப்பது பி.எஃப். பணத்தின் மிச்சம், ஆகையால் எல்லாம் சிக்கனமாக இருக்க வேண்டும். பஜாரில் தபரேஸ் என்பவன் டிராவல்ஸ் வைத்திருக்கிறான், மெக்காவுக்கு உம்ரா யாத்திரை ஆள் அனுப்புகிறவன், நல்ல பையன். "இன்னா அங்கிள், திடீர்னு வெனிஸ்?" என்றான். ஊர் சுற்ற என்றேன். "அப்போ பேக்கேஜ்ல போங்க, கம்மியா முடியும். ஒன்பது நாள், ஆறு நாடு. வெனிஸ்ல நாலு மணி நேரம்." நாலு மணி நேரம் போதாதே தம்பி என்றேன். "படகுல ஏறி போட்டோ எடுத்துட்டு எறங்க அதுவே ஜாஸ்தி அங்கிள்!" பதினோரு வருஷம் பேசாத ஒரு ஆளிடம் முதல் வார்த்தை பேச எனக்கு எத்தனை மணி நேரம் பிடிக்குமென்று அவனிடம் எப்படிச் சொல்வது? தனியாகத்தான் போவேன் என்று ஒரே பிடியாக நின்றேன்.

அவன் பாவம், கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் பார்த்தான். வெனிசுக்குள்ளே தங்கினால் சொத்தை விற்க வேண்டும், பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் தங்கி ரயிலில் போய்வரலாம் என்றான். அங்கேயும் கம்மி விலையில் ஒரே ஒரு இடம், ஒரு ரூமில் எட்டுப் பேர், ரயில் பெர்த் மாதிரி மேலே ஒன்று கீழே ஒன்று. சீனியர் சிட்டிசனுக்கு லோயர் பெர்த் உண்டா என்று கேட்டு எழுதச் சொன்னேன். முதலில் வருகிறவர்களுக்குக் கீழ் கட்டில் என்று பதில் வந்தது. அப்புறம் எந்த மாசம் டிக்கெட் மலிவு என்று பார்த்தால் நவம்பர். ஏன் மலிவு என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நவம்பர்ல அந்த ஊர்ல கடல் ஏறி தெருவுக்குள்ள வந்துடுமாம், முழங்கால் அளவு தண்ணியில ஜனங்க நடந்து போவாங்களாம். பாலாத்துல தண்ணி வந்தா ஸ்கூட்டர் எடுத்துக்கிட்டு வேடிக்கை பாக்கப் போற ஊர்க்காரன் நான், எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

சரி, அதுக்கும் ஒரு வழி பண்ணலாம்னு பேரணாம்பட்டுல தோல் பதனிடற ஆளுங்க போடற கம்பூட்ஸ் ஒரு ஜோடி கேட்டு வாங்கினேன். சுண்ணாம்புக் குழியில நின்ன பூட்ஸ், எத்தனை தடவை கழுவினாலும் அந்த வாசனை போகல. மொட்டை மாடியில பைப்பைத் திறந்து விட்டுட்டு அதைப் போட்டுக்கிட்டு காலையில அரை மணி நேரம் நடந்து பழகினேன். கீழ் வீட்டு ரத்தினசாமி மேல ஏறி வந்து, "இன்னா சார், மறுபடியும் வேலைக்குப் போறீங்களா? ஓய்வு காலத்துல இந்த நாத்தம் தேவையா?"ன்னு கேட்டுட்டுப் போனார். ஒரு வாரம் வெறும் ரொட்டி தின்னு பழகினேன், நெஞ்செரிச்சல் வந்து டாக்டர்கிட்ட போனேன். அந்த ஊர் படகு பஸ்ஸுல ஒரு தடவை ஏறற காசுல இங்க மெட்ராஸுக்கே போய்ட்டு வந்துடலாம்னு தபரேஸ் சொன்னான். ஆனா கால்வாயை குறுக்க தாண்டி விட மட்டும் ஒரு சின்ன படகு இருக்காம், மலிவாம், அதுல நின்னுக்கிட்டுத்தான் போகணுமாம், பிடிக்க கம்பி கிடையாதாம். அதுக்கும் பழகணுமேன்னு ஆம்பூர்ல இருந்து வாணியம்பாடி வரைக்கும் டவுன் பஸ்ஸுல கம்பியைப் பிடிக்காம நின்னேன். விண்ணமங்கலம் தாண்டி டிரைவர் ஒரு பிரேக் போட்டான் பாரு, முட்டை அட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த ஒருத்தர் மடியில போய் விழுந்தேன். கண்டக்டர், "பெருசு, கம்பி எதுக்குய்யா வெச்சிருக்கு, மாலை போடவா?"ன்னான். முட்டைக்காரர் நல்லவர். என் சட்டையைத் துடைச்சு விட்டுட்டு, "எங்கய்யா போற இப்பிடி?"ன்னு கேட்டார். தங்கச்சி வீட்டுக்குன்னு சொன்னேன் ஜெஸி. பதினோரு வருஷத்துல அந்த வார்த்தையை வாயால சொன்னது அன்னைக்குத்தான், அதுவும் முட்டை ஒழுகிக்கிட்டு.

விசாவுக்கு நாள் வாரியா திட்டம் எழுதிக் குடுக்கணும். தபரேஸ் அழகா டைப் பண்ணினான். முதல் நாள் சர்ச், ரெண்டாம் நாள் கண்ணாடி செய்யற தீவு, மூணாம் நாள் என்ன போடறதுன்னு கேட்டான். ஓய்வுன்னு போடுன்னேன். நாலாம் நாளும் ஓய்வு, அஞ்சாம் நாளும் ஓய்வு. "இன்னா அங்கிள், அவ்ளோ தூரம் போய் ரூம்ல படுத்துக்கப் போறீங்களா? ஆபீசர் சந்தேகப்படுவான்"னு சொன்னான். அந்த மூணு நாளும் உன் தெரு முனையில நிக்கறதுக்கு. முதல் நாள் கதவைத் தட்ட தைரியம் வராது, ரெண்டாம் நாளும் வராது. மூணாம் நாள் வந்துடும்னு ஒரு கணக்கு.

மெட்ராஸ்ல விசா ஆபீசுக்கு நானும் பொன்மலரும் தயிர் சாதம் கட்டிக்கிட்டு போனோம். அவளை வெளியிலேயே நிறுத்திட்டாங்க. என் கல்யாண கோட்டு பட்டன் போட முடியல, திறந்து விட்டுக்கிட்டு போனேன். உள்ள ஒரு சின்னப் பொண்ணு, மரியாதையான பொண்ணு, பேப்பரை எல்லாம் அடுக்கி வெச்சுட்டு கேட்டுச்சு: "சார், அங்க உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? இருந்தா அவங்க லெட்டர் வேணும், அவங்க அங்க இருக்கறதுக்கு உண்டான கார்டு காப்பி வேணும்." நான் யோசிச்சேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அண்ணன் உன்கிட்ட கேக்கற முதல் கேள்வி ஜெராக்ஸ் காப்பி அனுப்புன்னா இருக்கணும்? அந்த யோசனையிலதான், "இல்லம்மா, எனக்கு அங்க யாரும் இல்லை"ன்னு சொல்லிட்டேன். அது தலையை ஆட்டிட்டு ஒரு கட்டத்துல டிக் போட்டுச்சு. "தனியாவா போறீங்க, இந்த வயசுல?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். திரும்பி வர்றப்ப அரக்கோணத்துல வண்டி நிக்கும்போது பொன்மலர்கிட்ட இந்தப் பதிலைச் சொன்னேன். ஜோலார்பேட்டை வண்டின்னு தெரியாம ஏறின ஒரு குடும்பம் எங்க பக்கத்துல சண்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு, அவ அதையே பாத்துக்கிட்டு வந்தா.

ரெண்டு வாரத்துல பாஸ்போர்ட் வந்துச்சு, கூட விசா கிடையாதுன்னு ஒரு காகிதம். நான் திரும்பி வருவேன்னு அவங்களுக்கு நம்பிக்கை இல்லையாம். சொந்தக்காரங்க வீட்டுல ஒரு ராத்திரி படுத்தாலே தூக்கம் வராதவன் நான்! தபரேஸ் என்னைவிட ஜாஸ்தி வருத்தப்பட்டான். "போகட்டும் அங்கிள், வேற ஊர் பாக்கலாம், கேரளாவுல கூட படகு இருக்குது"ன்னான். அவனுக்கு முன்னாடி அழக்கூடாதுன்னு வெளிய வந்து பஜார்ல செருப்புக் கடை வாசல்ல நின்னு அழுதேன்.

ஜெஸி, இவ்வளவு தூரம் எழுதினதெல்லாம் இதை எழுதறதுக்குத்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, அம்மா செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனாங்க. வெள்ளிக்கிழமை காலையில மெட்ராஸ் வந்துடுவேன், அதுவரைக்கும் வெச்சிருங்க அண்ணான்னு நீ ஃபோன்ல கதறின. நான் வியாழக்கிழமை நாலு மணிக்கு அடக்கம் பண்ணிட்டேன். மே மாச வெயில், கரண்டு இல்லை, ஐஸ் பெட்டி ஓடலைன்னு உன்கிட்ட சொன்னேன், ஊர்கிட்ட சொன்னேன், ஆயர்கிட்டயும் சொன்னேன். பெட்டி நல்லாத்தான் ஓடிச்சு ஜெஸி. கரண்டும் இருந்துச்சு. கண்ணாடியில பனி பூத்து நான்தான் துடைச்சுத் துடைச்சு விட்டுக்கிட்டு இருந்தேன்.

அவங்க படுக்கையில விழுந்த எட்டு வருஷம் நான் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி விட்டேன். நீ காசு அனுப்பின, நான் ஒரு நாளும் குறை சொல்லல. ஆனா கடைசி மூணு மாசம் அம்மாவுக்கு நினைவு தப்பிப் போச்சு இல்ல, அப்ப என்னையே ஜெஸின்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. "ஜெஸி தண்ணி குடு, ஜெஸி என்னைத் திருப்பிப் படுக்க வை." நான் வந்துட்டேம்மான்னு போவேன். என் பேரு அவங்க வாயில வரவே இல்லை. போற அன்னைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு உன்னைத்தான் கூப்பிட்டாங்க. அதனால நீ வந்து இறங்கி, எல்லா சனமும் உன்னைக் கட்டிப் பிடிச்சு அழறதை பாக்க எனக்கு முடியல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்னாடி, அம்மா எனக்கு மட்டும் அம்மாவா போகட்டும்னு நினைச்சேன்.

நீ வெள்ளிக்கிழமை அந்த டாக்ஸியில வீட்டுக்குள்ள வராம நேரா கல்லறைத் தோட்டத்துக்குப் போனியே, நான் கேட்டுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். மேல போட்ட பூ கூட வாடல. நீ செருப்பைக் கழட்டி வெச்சுட்டு அந்த ஈர மண்ணுல உக்காந்திருந்த. நான் வந்து பக்கத்துல உக்காந்திருக்கணும். உக்காரல. ஒரு வாய் தண்ணி குடிக்காம நீ திரும்பிப் போய்ட்ட.

மறுபடியும் அப்ளிகேஷன் போடலாம்னு தபரேஸ் சொல்றான். இந்தத் தடவை அந்தக் கேள்விக்கு உன் பேரை எழுதணும்னு ஆசை. நீ சம்மதிச்சா மட்டும். சம்மதிக்கலைன்னாலும் உன் மேல தப்பு இல்லை.

குளிரிலிருந்தும் தனிமையிலிருந்தும் கர்த்தர் உன்னைக் காத்து, உன் கையின் வேலைகளை ஆசீர்வதிப்பாராக. பொன்மலர் தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள் என்று எழுதுவதற்காக அவளைக் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
ஜெபராஜ்.

பி.கு.: கூப்பிட்டதும் வந்து, கையைத் துடைச்சுக்கிட்டு, மொத்தத்தையும் நின்னபடியே படிச்சா. படிச்சு முடிச்சுட்டு, "இதுல அவளுக்குத் தெரியாதது ஒண்ணுகூட இல்லைங்க"ன்னா. பத்து வருஷமா ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு நான் சர்ச் கமிட்டி மீட்டிங்ல உக்காந்திருக்கற அந்த ஒரு மணி நேரம் நீங்க ரெண்டு பேரும் ஃபோன்ல பேசிக்கிட்டு இருக்கீங்களாமே. ஐஸ் பெட்டி விஷயத்தை முதல் வருஷமே சொல்லிட்டாளாம். அம்மா என்னை உன் பேருல கூப்பிட்டதையும் சொன்னாளாம், அன்னைக்கு நீ ரொம்ப நேரம் அழுதியாம். நான் பஸ்ஸுல விழுந்ததைக் கேட்டு சிரிச்சியாம். "அண்ணன் வரட்டும் அண்ணி, ஸ்டேஷனுக்கு நானே போய் நிக்கறேன், ஆனா எனக்குத் தெரியும்னு சொல்லாதீங்க"ன்னு சொன்னியாம். விசா ஏன் கிடைக்கலைன்னு கேட்டிருக்க. அந்தப் பொண்ணுகிட்ட நான் சொன்ன பதிலை இவ அப்படியே சொல்லியிருக்கா. யாரும் இல்லைன்னா சொன்னாருன்னு ஒரே ஒரு தடவை கேட்டுட்டு ஃபோனை வெச்சவதானாமே. மூணு ஞாயிறா அவ கூப்பிட்டும் நீ எடுக்கலையாம். இந்த மூணு வாரமா குழம்புல உப்பு இல்லாம இருந்ததுக்குக் காரணம் எனக்கு இப்பத்தான் தெரியுது.

ஜெஸி, நீ என்கிட்ட பேச வேணாம். பொன்மலர் ஃபோனை எடு. அவளுக்கும் வேற யாரும் இல்லை. இனி இந்த மாசம் கமிட்டி மீட்டிங் கிடையாது, ஆனாலும் நான் போய் சர்ச் படியில ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வர்றேன். கடுதாசி எப்ப வந்து சேருமோ தெரியல, அதனால எல்லா ஞாயித்துக்கிழமையும் போறேன்.